ஹாமில்டனில் ஒரு டேஞ்சர் லைட்

1

என் வீட்டுக்காரரின் நினைவு நாளும் வண்டியின் வாரண்டும் இந்த வருடம் ஒரே வாரத்தில் வந்தன.

வாரண்ட் என்றதும் பதற வேண்டாம். நியூசிலாந்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஒரு சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுக்கு இங்கே வாரண்ட் என்று பெயர். வந்த புதிதில் ஊருக்குப் போன் செய்தபோது, "வாரண்டு முடிஞ்சிபோச்சு, நாளைக்கு லீவு போட்டுட்டுப் போணும்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் என் கொழுந்தன் மோகனுக்குக் குரலே மாறிவிட்டது. "இன்னா அண்ணி சொல்றே? யார் மேல வாரண்டு? வக்கீலு யாராச்சும் கீறாங்களா அங்கே?" என்று கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போன் கார்டில் இருந்த காசு தீர்ந்துபோனது. இன்றைக்கும் போனை எடுத்தால் முதல் கேள்வி, வாரண்டு இன்னா ஆச்சு என்பதுதான்.

நான் திருவொற்றியூர்க்காரி. பத்தாவது முடித்ததும் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் எமர்ஜென்சி லைட்டுக்குள் இருக்கும் போர்டில் ஈயம் உருக்கிப் பத்தவைக்கும் வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆகி, சரண்யா பிறந்து, அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதே வேலைதான் சோறு போட்டது. என் அண்ணன் கப்பல் வேலையில் இருந்து இங்கே கரை ஏறியவர். கையில் ஒரு வேலை உறுதியாக இருந்தால் உடன்பிறந்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அண்ணன் அலைந்து திரிந்து அந்த வேலையையும் பிடித்துக் கொடுத்தார். ஹாமில்டன் மாடு மேயும் ஊர். மாட்டுக்கு வேலி, வேலிக்குக் கரண்ட், கரண்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு போர்டு, போர்டுக்கு நான். நாடு மாறியதே தவிர, மூக்கில் ஏறுகிற ஈயப் புகை மாறவில்லை.

சரண்யாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெலிங்டனுக்குப் படிக்கப் போகிறாள். வண்டியை அவளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம் அது. நடுவில் வீடே இல்லாத மலைப் பொட்டல் வேறு.

அவள் போவதில் எனக்குத் துக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மனதில் அதைவிடப் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் அப்பாவின் நினைவு நாளுக்கு வருடா வருடம் படம் வைத்து, விளக்கேற்றி, படையல் போடுகிறேன். சரண்யா அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்று நாலைந்து வருடம் ஆகிறது. அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வரும். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவள் தன் அப்பாவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

2

வண்டியைப் பார்த்தவர் தலை நரைத்த வெள்ளைக்காரர். நல்ல மனிதர்தான். வண்டியை விடும்போதே நான் அவரிடம், "பின்னாடி டேஞ்சர் லைட் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உள்ளே உட்கார்ந்து முக்கோணப் பொத்தானை அழுத்தினார். நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு பளிச் பளிச் என்று அடித்தது. "உங்கள் டேஞ்சர் லைட்டுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தார். வண்டி தேறவில்லை. இடது பக்கம் பின் சிவப்பு விளக்கு முக்கால்வாசி இருட்டு.

"அதைத்தானே முதலிலேயே சொன்னேன்?"

"நீங்கள் டேஞ்சர் லைட் என்றல்லவா சொன்னீர்கள்? அந்த மஞ்சள் நாலும்தான் சரியாக எரிகிறதே. இது டெயில் லைட்."

எங்கள் பக்கம் வண்டிக்குப் பின்னால் எரிகிற சிவப்புக்கு டேஞ்சர் லைட் என்றுதான் பேர். மெக்கானிக் சொல்வார், டிராபிக் போலீஸ் சொல்வார், பெட்டிக்கடையில் நிற்கிறவர்களும் சொல்வார்கள். "தம்பி, டேஞ்சர் லைட்டு எரில பாரு" என்று போகிற போக்கில் கத்திவிட்டுப் போவார்கள். அது இங்கிலீஷ் வார்த்தை, ஆகவே இங்கிலீஷ்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தது என் தப்பு. வந்து இத்தனை வருடம் கழித்தும் இப்படி ஒன்று தட்டுப்படுகிறது.

பல்பை மாற்றிவிடலாமே என்றேன். இதில் பல்பு இல்லை, எல்லாம் எல்.இ.டி., விளக்கு முழுவதையும் ஒரே பெட்டியாக ஒட்டி மூடியிருக்கிறார்கள், பெட்டியோடுதான் மாற்ற வேண்டும் என்றார். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த வண்டி அது. புது விளக்கு அங்கிருந்து வர ஒன்றரை மாதம் ஆகுமாம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளுக்கு அவரே போன் போட்டுப் பார்த்தார். எங்கேயும் இல்லை. "திறந்து ரிப்பேர் செய்ய முடியாதா?" என்று கேட்டேன். "அதை யாரும் திறப்பதில்லை" என்றார். திறக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை, யாரும் திறப்பதில்லை என்றுதான் சொன்னார் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வானம் கறுத்துக்கொண்டு மழை இறங்கிவிட்டது. முக்கால்வாசி இருட்டான விளக்கோடு ஓட்ட எனக்கு உடம்பு கூசியது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, வேலியோரச் செடியில் இலையோடு ஒரு கிளையை ஒடித்து, டிக்கிக் கதவில் செருகிக் கட்டினேன். ஊரில் லாரி நடுவழியில் நின்றுபோனால் கிளீனர் முதலில் அதைத்தான் செய்வான். நேராக சரண்யா லீவுக்கு வேலை பார்க்கும் இடத்துக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். தோழிகளோடு வெளியே வந்தவள், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததும் முகம் சிவந்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "இன்னாமா இது, டிக்கில மரம் கீது?" என்றாள். பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, விளக்கை நானே பிரித்துப் பார்க்கப் போகிறேன், அது எரியாமல் உன்னை வண்டியெடுக்க விட மாட்டேன் என்று சொன்னேன். "அப்டினா நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

3

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற கடலோர ரோட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல். மறுபக்கம் கம்பெனிச் சுவர்கள், குப்பங்கள். நடுவில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகத்துக்குள் போக அவை வரிசையில் நிற்கும். நிற்கும் என்றால் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி. டிரைவர்கள் ரோட்டிலேயே சமைத்து, ரோட்டிலேயே குளித்து, வண்டிக்கு அடியில் துணி கட்டித் தூங்குவார்கள்.

நிற்கிற வண்டியில் யாரும் டேஞ்சர் லைட்டைப் போட்டு வைப்பதில்லை. ராத்திரி முழுக்க எரிந்தால் பாட்டரி இறங்கிவிடும், வரிசை நகரும்போது வண்டி கிளம்பாது, பின்னால் நிற்கிறவன் திட்டுவான். பல வண்டிகளில் லைட்டே இருக்காது. இருந்தாலும் நிலக்கரித் தூசி படிந்து, சிவப்பு எது, இரும்பு எது என்று தெரியாது. கிளை ஒடித்து வைக்க அந்த ரோட்டில் மரமும் இல்லை.

சரண்யாவின் அப்பா எண்ணூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தார். பேர் குமார். சரண்யாவுக்கு அப்போது ஐந்து வயது. நைட் ஷிப்ட் முடித்து, விடிவதற்குச் சற்று முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்குத் தெருவிளக்கும் இல்லை, கரண்ட் போயிருந்தது. எதிரில் வந்த ஒரு லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும் என்றார்கள். கறுப்பு ரோட்டில் கறுப்பாக நின்ற டிரெய்லரின் பின்பக்கத்தில் போய் மோதினார். நான் போனபோது டிபன் கேரியர் உருண்டு கருங்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு வயதானவர். மரியாதையாகத்தான் பேசினார். "இன்னாமா பண்றது? நிக்கிற வண்டில வந்து இட்சா, வந்தவன் மேலதான் கேஸு. அஜாக்கிரதையா ஓட்டினாருன்னுதான் எய்தணும். செத்தவர ஜெயில்லயா போடப் போறாங்க? கையெய்த்த போட்டுட்டுப் போ" என்றார். மோகன் எகிறிக் குதித்தான். "டேஞ்சர் லைட்டு போடாம நடுரோட்ல நிப்பாட்னவன் மேல கேஸு இல்லியா? எங்கண்ணன் மேல கேஸா? இன்னா சார் நியாயம் இது?" ஏட்டு அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்த மாதத்தில் மட்டும் இதே ரோட்டில் இன்னும் யார் யார் என்று பேர் சொல்ல ஆரம்பித்தார். மோகன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் நாங்கள் ஒரே வாக்கியத்தில் சொல்வோம். நின்னுகினு இருந்த வண்டில மோதிட்டாரு. கேட்டவர்கள் "அய்யோ" என்று தலையில் கை வைப்பார்கள். மேற்கொண்டு ஒரு கேள்வி வராது. அந்தப் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

இந்த ஊரில், ஒரே ஒரு விளக்கு சரியாக எரியவில்லை என்று வண்டியை ரோட்டில் விட மறுக்கிறார்கள். முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி படுத்தபோது, இவர்களில் ஒருவர், அந்த நரைத்த தலைக்காரர் மாதிரி ஒரே ஒருவர், எண்ணூர் ரோட்டில் நின்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்து அழுதேன். வேறென்ன செய்வது.

4

சரண்யாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வரும்போது அவளுக்கு எட்டு வயது. வந்த வருடமே சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஒரு பள்ளிக்கூட அறையில் நம்மவர்கள் சேர்ந்து நடத்தினார்கள். இரண்டாவது வாரம் வகுப்பெடுத்த அம்மாள் ஒரு நாய்க்குட்டிப் படத்தைக் காட்டி, இது என்ன செய்கிறது என்று கேட்டார்களாம். இவள், "தூங்கிகினு கீது" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, "அப்படிச் சொல்லக் கூடாது, அது நல்ல தமிழ் இல்லை" என்றார்கள். அடுத்த வாரம் சரண்யா போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. எங்கள் வாயிலிருந்து வருவது தமிழில்லை என்றால் எங்கள் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் வீம்பு.

அதனால் அவளுடைய தமிழ் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. உடம்பு வளர்ந்தது, இங்கிலீஷ் வளர்ந்தது, தமிழ் மட்டும் திருவொற்றியூர்க் குழந்தையின் தமிழாகவே இருக்கிறது. தோழிகளுக்கு அவள் சாரா. மோகனிடம் அந்தப் பேரைச் சொன்னபோது, "சாராயத்துல பாதிய எதுக்கு வெச்சாங்கோ?" என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்காமல் எழுந்து போனாள்.

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். பதிமூன்று, பதினான்கு வயது வரைக்கும் நினைவு நாளன்று பூ வாங்கி வருவதே அவள்தான். அப்புறம் திடீரென்று நின்றுபோனது. ஒரு வருடம் நீச்சல், ஒரு வருடம் தோழியின் பிறந்தநாள், ஒரு வருடம் காரணமே சொல்லாமல் வெளியே போய், நான் படையலை எடுத்த பிறகு வந்தாள். பிள்ளைகள் இந்த ஊரில் இப்படித்தான் கை நழுவிப் போகும் என்று வேலையிடத்தில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி சொன்னாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், சொல்ல உரிமை உண்டு. நானும் அப்படித்தான் இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

5

நினைவு நாள் சனிக்கிழமை. காலையில் மீன் கடைக்குப் போனேன். அவருக்குச் சுறாப்புட்டு என்றால் உயிர். இங்கே சுறாவை லெமன் ஃபிஷ் என்று பேர் மாற்றி விற்கிறார்கள், சுறா என்றால் வாங்க மாட்டார்களாம். வேக வைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் நறுக்கி வைத்துவிட்டு, விளக்கைக் கழற்றப் போனேன்.

டிக்கியின் உள்பக்கத் தட்டியை எடுத்தால் மூன்று நட்டு. ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கினால் பெட்டி கையோடு வந்துவிடுகிறது. அதன் சிவப்பு மூடியை ஒருவகைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சூடு காட்டினால் பசை இளகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியிலும் சில பெட்டிகளை அப்படித்தான் மூடுகிறோம். ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, பழைய துண்டை விரித்து, விளக்கை உள்ளே வைத்தேன். பிறகு தோசைத் திருப்பியின் ஓரத்தைச் செருகி மெதுவாக நெம்பினேன். மூடி கழன்று வந்தது.

வாசனை பிடித்து சரண்யா அறையிலிருந்து வந்தாள். ஓவனையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "லைட்டையா சமைக்கிற?" என்றாள்.

"வந்து இத்தப் பிடி" என்றேன்.

உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். போர்டில் நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து எல்.இ.டி. மழைத் தண்ணீர் எங்கேயோ உள்ளே போய் ஒரு மூலையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்ததில் மூன்று வரிசையில் வரிசைக்கு ஒன்று செத்திருந்தது. ஒன்று போனால் எதுக்கு மத்தது எரியாமப் போவுது என்று கேட்டாள். "சீரியல் செட்டு மாரி" என்றேன். அவளுக்குச் சீரியல் என்றால் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவதுதான். கோயில் திருவிழாவில் தொங்குமே, ஒரே ஒயரில் பல்பு பல்பாக, நீ நைனா தோளில் உட்கார்ந்து பார்ப்பியே என்றேன். நைனா என்றதும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று டவுனில் ஒரு கடையில் முன்னாலேயே சொல்லி வைத்து வாங்கியிருந்த புது எல்.இ.டி.கள் நாலு கால் வைத்தவை. பழையதை உருவி எடுத்து, களிம்பைச் சுரண்டித் துடைத்து, புதியதை வைத்துப் பத்தவைக்க ஆரம்பித்தேன். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "இது எரிலன்னு வெச்சிக்கோ, பின்னாடி வர்றவன் உயிரு போயிடும். அதான் இந்தப் பாடு" என்றேன்.

"பின்னாடி வர்றவன்தானம்மா பாத்து வரணும்? லைசென்சு பரீட்சைக்குப் படிச்சேன்ல. நிக்கிற வண்டில மோதுனா மோதுனவன் மேலதான் தப்பு."

ஏட்டு சொன்ன அதே சொல். என் கையில் பத்தவைக்கிற அயர்ன் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா உனக்கு அப்டி?"

அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "நைனா கூட அப்டிதான" என்றாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "சித்தப்பா சொல்லிச்சு. நின்னுகினு இருந்த வண்டில மோதிட்டாருன்னு. நீயும் அப்டிதான் சொன்ன. நின்னுகினு இருக்கிற வண்டில ஒருத்தன் போய் மோதுறான்னா இன்னா அர்த்தம்? குடிச்சிகினு ஓட்டினாருன்னு அர்த்தம். எனக்குத் தெர்யும்மா. எப்பவோ தெர்யும். நீ மறைக்க வாணாம்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்கு இவள் மேல் வந்ததில்லை. "யாரு குடிச்சா? உங்க நைனாவா குடிச்சாரு?" என்று கத்தினேன். அவர் குடித்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் காட்சி என்றால் கூட்டாளிகளோடு ஒரு வாய் ஊற்றிக்கொள்வார், வந்து மூலையில் சமர்த்தாகப் படுத்துக்கொள்வார். ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுக்க உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று வந்துகொண்டிருந்தார்.

சொன்னேன். அந்த ரோட்டை, வரிசையை, பாட்டரியை, கரண்ட் போனதை, ஏட்டை, மோகன் தரையில் உட்கார்ந்து அழுததை, எல்லாவற்றையும் சொன்னேன். "டிரெய்லர் நின்னுச்சு. டேஞ்சர் லைட்டு இல்ல. ஒண்ணுமே இல்ல. கறுப்பு" என்றேன்.

"லைட்டே இல்லியா?" என்றாள். "ரோட்டுலயேவா? லைட்டு இல்லாமயா நிறுத்தி வெப்பாங்க?"

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை அதை எப்படிக் கற்பனை செய்யும்? இங்கே ரோட்டில் இருட்டாக ஒரு வண்டி நிற்காது. நின்ற வண்டியில் ஒருவன் மோதினால், மோதினவனிடம்தான் கோளாறு. நாங்கள் பொய் சொல்லவில்லை. அவளும் தப்பாகக் கேட்கவில்லை. அந்த ரோட்டில் முழுதாக இருந்த வாக்கியம் கடல் தாண்டி வந்ததில் பாதியாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் தன் அப்பாவைக் குடிகாரராக ஆக்கிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், இத்தனை வருடம் தனியாக வெட்கப்பட்டிருக்கிறாள்.

6

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவளே சொன்னாள்.

அவள் படித்த பள்ளியில், குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று பிள்ளைகளே சேர்ந்து நடத்தும் ஒரு குழு உண்டு. சரண்யா அதில் தலைவியாக இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் மொத்தப் பள்ளிக்கும் எதிரில் அவள் பேசிய பேச்சுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எனக்கு அன்று ஷிப்ட், போக முடியவில்லை. என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, ரோட்டுப் பாதுகாப்பு என்று சொன்னாள். அந்தக் கேடயத்தைக் கொண்டுபோய் ஹாலில், அவர் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மகள் பெருமையை அவரும் பார்க்கட்டும் என்று.

"நைனாவப் பத்திதாம்மா பேசினேன்" என்றாள். "குடிச்சிட்டு ஓட்டி செத்துட்டாருன்னு. எல்லார் எதிர்லயும். என் பிரெண்டு ஹேலி அழுதா. டீச்சர் அழுதாங்க. எல்லாரும் வந்து கட்டிக்கினாங்க." மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் போய் அவள் முதுகில் கையை வைத்தேன். திட்டத் தோன்றவில்லை. தேற்றவும் தெரியவில்லை. அவர் படம் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கே முகம் இல்லாமல் இருந்தது. என்னங்க, பிள்ளைக்குத் தெரியாது, தெரியாமல் சொல்லிவிட்டது என்று மனதுக்குள் சொன்னேன்.

பிறகு இரண்டு பேருமாக வேலையை முடித்தோம். வேறென்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. முதல் தடவை பாட்டரி கொடுத்துப் பார்த்தபோது ஒரு வரிசை எரியவில்லை. கவனம் இல்லாமல் ஒன்றைத் தலைகீழாகப் பத்தவைத்திருந்தேன். சரண்யாதான் கண்டுபிடித்தாள். உருவி, திருப்பி வைத்ததும் மொத்தமும் எரிந்தது. புதுப் பசை தடவி, மூடியை அழுத்தி, வண்டியில் மாட்டினோம். திங்கட்கிழமை அந்த நரைத்த தலைக்காரர் குனிந்து, நிமிர்ந்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வாரண்டைக் கொடுத்தார். யார் ரிப்பேர் செய்தது என்று கேட்டார். நானும் என் மகளும் என்றேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. விளக்கை மாட்டிவிட்டு வந்து, கை கழுவி, சுறாப்புட்டைத் தாளிக்க வாணலியை அடுப்பில் வைத்தேன். சரண்யா ஹாலுக்குப் போனாள். படத்துக்கு முன்னால் நிற்கப் போகிறாள் என்று நினைத்து, பார்க்காத மாதிரி கடுகைத் தேடினேன். அவள் நிற்கவில்லை. கேடயத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள்.

ஹேலியைக் கூப்பிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னாள். நான் உன்னிடம் ஒன்று தப்பாகச் சொல்லியிருக்கிறேன், என் அப்பா குடிக்கவில்லை. இல்லை, குடிக்கவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வண்டியை விளக்கில்லாமல் நிறுத்தியிருந்தார்கள். அந்த ரோட்டில் அப்படி நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். நான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், டீச்சரிடமும் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அந்த ஏட்டுக்கு எதிரில் எனக்கு வராத வார்த்தைகள் அவை.

பிறகு அந்தப் பக்கம் ஹேலி ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தாள். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, ஹேலி கேக்குறா. நைனா எப்டிப்பட்டவரு?" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெர்லம்மா."

அடுப்பை அணைத்துவிட்டு, அவளை வாசலிலேயே உட்காரவைத்து, பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன்.